குடி என்று நான் எழுதிய ஹெராயின் கேஸ்

ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருக்கும். பெரம்பலூரில் நர்ஸ்களுக்கு ஒரு நாள் பயிற்சி, நீங்களும் வந்து உட்காருங்க சிஸ்டர் என்று என்னிடம் வேலை பழகிய பெண்கள் கூப்பிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற உடம்பு இல்லை இது. காலையிலேயே அரியலூரில் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே ஓர் இளம் அதிகாரி திரையில் அட்டவணை ஒன்றைக் காட்டிப் பேசினார். குடி, கஞ்சா, மாத்திரை, ஹெராயின் என்று வரிசையாகக் கட்டங்கள். "நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஹெராயின் ஒரு பிரச்சினையே இல்ல. ரெஜிஸ்டர்ல பல வருஷமா ஒண்ணு ரெண்டு தவிர எதுவும் வரல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. ஆளே எழுந்துவிட்டேன்.

"சார், ரெஜிஸ்டர்ல வரலன்னா ஊர்ல இல்லன்னு அர்த்தம் இல்லீங்க. யாரும் எழுதலன்னு அர்த்தம். அந்த ஒண்ணு ரெண்டுல இருக்கறது என் கையெழுத்து. எழுதாம விட்டவங்கள்லயும் நான் ஒருத்தி."

பாவம், அவர் என்ன செய்வார். சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இத எழுதிக் குடுங்கம்மா" என்றார். அதனால் எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். இரண்டு மாவட்டத்திலும் மாறி மாறி வேலை பார்த்தவள், அது போதும். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர. நான் ஆரோக்கியமேரி. வார்டில் மேரி சிஸ்டர்.

திருமானூர் பக்கம் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. திருச்சியில் நர்சிங் படித்தேன், விடுதியில் புளிச்சோறு தின்றேன், பாஸ் செய்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலை கற்றுக்கொண்டது அவசர சிகிச்சைப் பிரிவில், டாக்டர் கோதண்டராமனிடம்.

குள்ளமான மனிதர். நடந்துதான் வருவார், ஓடி நான் பார்த்ததில்லை. வாட்ச்சின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். நோயாளியின் நெஞ்சையும் வாட்ச்சையும் ஒரே பார்வையில் பார்க்க அதுதான் வசதி என்பார். வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மூச்சு எத்தன?"

இதில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடியை எல்லோரும் ஒழுங்காகப் பார்ப்போம். மூச்சை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு நிமிஷத்துக்குப் பதினெட்டு என்று போட்டுவிடுவோம். எந்த ஊர் ஆஸ்பத்திரியின் பழைய நோட்டைப் புரட்டினாலும் எல்லா நோயாளியும் பதினெட்டு மூச்சுதான் விட்டிருப்பான். நானும் அப்படித்தான் ஒருநாள் ஒரு பெரியவருக்குப் பதினெட்டு போட்டேன். டாக்டர் வந்து வாட்ச்சைத் திருப்பி எண்ணினார். முப்பத்திரண்டு. அவர் திட்டவில்லை. ஒரு ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் போட்டு, "உக்காரும்மா. ஒரு மணி நேரம் நிமிஷா நிமிஷம் எண்ணி எழுது. பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்குறதெல்லாம் காய்கறிக் கடையில வச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறுபது வரி எழுதினேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அதற்குப் பிறகு என் சர்வீஸ் முழுக்க எண்ணாமல் ஒரு மூச்சு போட்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

மூச்சை எண்ணுவதில் இருந்த ஒழுங்கு, நோய்க்குக் காரணம் எழுதுவதில் எனக்கு இல்லை. பூச்சிமருந்து குடித்த பெண்ணைத் தூக்கி வருவார்கள், வயிற்றுவலி என்று போடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அதை மட்டும் போடமாட்டேன், ஏனென்றால் வைத்தியமே மாறிவிடும். ஆனால் கஞ்சா, தூக்கமாத்திரை, இருமல் மருந்து என்று வந்தால் "குடின்னு போட்ருங்க சிஸ்டர்" என்பார்கள். குடி என்றால் எங்கள் பக்கம் மானம் போகாது. மாமனாரும் குடிக்கிறார், மாப்பிள்ளையும் குடிக்கிறார். ஆகவே அது ஒரு கௌரவமான வியாதி. நாங்களும் இரக்கப்பட்டுப் போட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வீடு போய்க் கேட்டாலும் இதே கதைதான். ஒரு முறை வாலிகண்டபுரத்தில் போதைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுக்க வந்த பெண்களோடு என்னையும் அனுப்பினார்கள். ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர், அவருடைய அப்பா, மருமகள், பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர், எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். கணக்கெடுக்க வந்த ஒரு சின்னப் பெண் கையில் இருந்த கருவியைப் பார்த்து, "இந்த வூட்ல யாராச்சும் போதைப்பொருள் எடுத்துக்கறாங்களா?" என்று வாசிக்கிறாள். பெரியவர் சொன்னார், "எங்க வூட்லயா? வேணும்னா பக்கத்து வூட்ல கேளுங்க." பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்கள் இந்த வீட்டைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் இல்லை என்று குறித்தாகிவிட்டது. மோர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மருமகள் மட்டும் என் பின்னால் வந்து, "சிஸ்டர், தூக்க மாத்திர ஒரே நேரத்துல பத்து போட்டா என்னா ஆவும்? அவரு தெனம் போடறாரு" என்றாள். யார் கேட்கிறார்கள், யார் காதில் விழும்படி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கில் வருகிற விகிதம். அதற்குப் பிறகு எந்த விகிதத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த மருமகள் முகம்தான் தெரியும்.

சரி, செல்வம் கதைக்கு வருகிறேன். செல்வகுமார் லாரி டிரைவர். எங்கள் பக்கத்து மக்காச்சோளமும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன். இருபத்தெட்டு வயது இருக்கும். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை, கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு தங்கை.

ஒருநாள் காலை அஞ்சலை அவனை ஆட்டோவில் அழைத்து வந்தாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகுகிறது. விடாமல் கொட்டாவி விடுகிறான். கையில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. வயிற்றால் போகிறது, எலும்பெல்லாம் நோகிறது என்று சுருண்டுகொள்கிறான். காய்ச்சல் இல்லை. அம்மாவைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, "என்னா எடுத்துக்கற, எங்கிட்ட சொல்லு" என்றேன். "பவுடரு சிஸ்டர். ஹெராயின். வண்டி ஓட்டப் போன எடத்துல பழக்கம். ரெண்டு வருஷமாச்சு. மூணு நாளா கெடைக்கல."

அஞ்சலைக்குத் தெரிந்துதான் இருந்தது. திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரம்மா, அத மட்டும் எழுதிப்புடாதீங்க. தையில பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மாப்ள வூட்டுக்காரங்களுக்கு இந்த ஆஸ்பத்திரியில ஆளு இருக்கு. குடின்னு போட்டுடுங்க, உங்க கால்ல வுழறேன்."

விழவும் குனிந்தாள். தூக்கி நிறுத்தினேன். எனக்கும் ஒரு தங்கை இருந்தாள், அவளுக்கு வரன் தட்டிப்போன வலி எனக்குத் தெரியும். 'மதுப்பழக்கம், நிறுத்தியதால் உடல் உபாதை' என்று எழுதினேன். அன்றைக்கு டாக்டர் கோதண்டராமன் விடுப்பு. மாற்று டாக்டர் கூட்டத்துக்கு நடுவில் நான் எழுதியதைப் படித்துக் கையெழுத்திட்டு, வலிக்கும் வயிற்றுக்கும் மருந்து கொடுத்தார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

அஞ்சலை மகனை ஏலாக்குறிச்சியில் இருந்த தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக் காவல் காத்தாள். கோயிலில் வேண்டிக்கொண்டு நாற்பது நாள் அங்கேயே இருந்தார்கள். போன் கிடையாது, சிநேகிதர்கள் கிடையாது. அவனும் வைராக்கியமாக இருந்தான். கன்னத்தில் சதை போட்டு ஊருக்குத் திரும்பி வந்தான். வழியில் என்னைப் பார்த்து, "உட்டுட்டேன் சிஸ்டர்" என்று சிரித்தான். நல்ல பிள்ளைடா என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

தட்டிக்கொடுத்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஹெராயினை விட்டவனுக்குத்தான் ஹெராயின் ரொம்ப ஆபத்து. தினம் எடுக்கிறவனின் உடம்பு அந்த அளவுக்குப் பழகியிருக்கும். நாற்பது நாள் நிறுத்தினால் பழக்கம் போய்விடும், ஆசை மட்டும் போகாது. என்றைக்காவது தடுமாறி, பழைய ஞாபகத்தில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இது எனக்குத் தெரியும். சரியாக எழுதியிருந்தால் டாக்டரே அவனை உட்கார வைத்துச் சொல்லியிருப்பார், போதை மறுவாழ்வு மையத்துக்கும் அனுப்பியிருப்பார். குடி என்று எழுதிய சீட்டுக்கு அந்த வார்த்தையெல்லாம் வராது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து எனக்கு மதிய டூட்டி. ஒரு மணிக்குள் நுழைகிறேன், அவசரப் பிரிவு சந்தைக்கடையாக இருக்கிறது. ஒரு வேன் கவிழ்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் ரத்தக் காயத்தோடு கிடக்கிறார்கள். டாக்டர் கோதண்டராமன் ஒருவருடைய தலையில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். மூலைக் கட்டிலில் செல்வம். குளுக்கோஸ் ஏறுகிறது. பக்கத்தில் அஞ்சலை முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"காலையில டீ குடிச்சிட்டுப் படுத்தவன் சிஸ்டரம்மா. நல்லா கொறட்ட வுட்டுத் தூங்கினான். தூக்கமே இல்லாம கெடந்த புள்ள, தூங்கட்டும்னு வுட்டுட்டேன். கதவக்கூட சாத்திவச்சேன், சத்தம் வரக்கூடாதுன்னு. பதினோரு மணிக்கு எழுப்பினா எந்திரிக்கல. பழைய சீட்டக் காட்டுனேன், குடின்னு இதுல படுக்கப் போட்டாங்க."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து.

செல்வத்தின் தோளை உலுக்கினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். புருவம் லேசாகச் சுருங்கியது, அவ்வளவுதான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். கண்ணின் பாப்பா கடுகளவு. சுற்றிலும் அவ்வளவு கூச்சல், யாரோ என் தோளைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு முழு நிமிஷம் நின்றேன். ஐந்து மூச்சு. ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவில் இவன் செத்துவிட்டானோ என்று நினைக்கிற அளவுக்கு இடைவெளி.

நேரே டாக்டரிடம் போனேன்.

"சார், மூலக் கட்டில்ல அஞ்சு மூச்சுதான் இருக்கு. கண்ணு கடுகாட்டம் இருக்கு."

ஊசியை நூலோடு பக்கத்து நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"குடின்னு போட்டிருக்கு சார். அது பொய். ஹெராயின். தெரிஞ்சேதான் மாத்தி எழுதினேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். என் சர்வீஸில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பலூன எடு" என்றார்.

பலூன் என்பது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பை. தாடையைத் தூக்கி, முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்தி, ஆக்சிஜன் குழாயை இணைத்து, ஐந்து செகண்டுக்கு ஒரு தடவை அமுக்கினேன். பலர் ஊசியைத் தேடி ஓடுவார்கள். ஊசி வருகிறவரை மூளைக்குக் காற்று யார் கொடுப்பது? முதலில் காற்று, பிறகுதான் மருந்து. உதட்டின் நீலம் மெதுவாக இறங்கியது. இதற்குள் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தாகிவிட்டது, அது சரியாக இருந்தது. அவசர அலமாரியில் நலாக்ஸோன் இரண்டே குப்பி. ஹெராயினை உடம்பில் தடுத்து நிறுத்துகிற மருந்து அதுதான். அதுவும் டாக்டர் வருஷா வருஷம் சண்டை போட்டு வாங்கி வைத்தது. இங்கே அந்தக் கேஸே வராதே, எதற்கு என்றுதான் மருந்துக் கிடங்கில் கேட்பார்களாம். வராது என்று சொன்னது எங்கள் ரெஜிஸ்டர். அதாவது நான்.

ஒரு குப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். மொத்தமாக ஏற்றினால் வலியும் வாந்தியுமாகத் துள்ளி எழுவான் என்று. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டு. பதினொன்று. பதினான்கு. செல்வம் கண்ணைத் திறந்து, வாந்தி எடுத்து, "யாருடா என்ன எழுப்பினது?" என்று கத்தினான். அந்த வசவு காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

அத்தோடு முடிந்தது என்று அஞ்சலை நினைத்தாள். "முழிச்சிட்டான் இல்ல, வூட்டுக்கு அழச்சிட்டுப் போயிடறேன்" என்று செருப்பை மாட்டினாள். அவனும் கையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தான். டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, "இந்த மருந்து சீக்கிரம் கரைஞ்சிரும்மா. அவன் எடுத்தது இன்னும் உள்ள இருக்கு. வழியில பஸ்ஸுலயே மறுபடி தூங்கிருவான்" என்றார். அவள் நம்பவில்லை. நான் கதவை மறித்து நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போ பார்க்கலாம் என்றேன். என் உருவத்தைத் தள்ள அவளால் ஆகாது. முக்கால் மணி நேரத்தில் அவன் தலை தொங்கியது. மூச்சு எட்டுக்கு இறங்கியது. இரண்டாவது குப்பியும் போயிற்று. அப்போதுதான் அஞ்சலை தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஸ்டூலைப் போட்டுச் சாயந்திரம் வரைக்கும் எண்ணினேன். இனி ஒரு குப்பி கிடையாது என்று எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். கையில் பலூனைப் பிடித்தபடியே இருந்தேன்.

ஆறு மணிக்கு அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். டாக்டர் அந்தப் பழைய சீட்டையும் கேஸ் ஷீட்டையும் என் முன்னால் வைத்தார்.

"பழசுல கை வைக்காத. அடிக்காத, திருத்தாத. கீழ புதுசா எழுது. எது தப்பு, எது சரி, யார் எழுதினது, இப்ப மணி என்ன. எழுதிக் கையெழுத்துப் போடு."

பேனாவை எடுத்தேன். அஞ்சலை மறுபடியும் என் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டரம்மா, கல்யாணம்..."

"போன தடவ உங்களுக்காக எழுதினேன் அஞ்சலையம்மா. இந்தத் தடவ அவனுக்காக எழுதறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு எழுதினேன். தவறான பதிவுக்காக எனக்கு மெமோ வந்தது. அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதினேன். செய்தது தப்பு என்று எழுத ஒரு வரியே போதும், மீதி வரிகளில் நலாக்ஸோன் ஏன் கூடுதலாக வேண்டும் என்று எழுதிவிட்டேன். மெமோ கொடுத்தவர்கள் எதிர்பார்க்காத பதில். ஆனால் மருந்து வந்தது.

வீட்டுக்கு அனுப்புமுன் அஞ்சலைக்குப் பாடம் எடுத்தேன். எழுப்ப முடியாதபடி குறட்டை விட்டால் அது தூக்கம் இல்லை. உதட்டைப் பாருங்க, கண்ணைப் பாருங்க, மூச்சை எண்ணுங்க. தனியாக அறையில் விட்டுக் கதவைச் சாத்தாதீங்க. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்க, வந்ததும் முதல் வார்த்தையாக என்ன எடுத்தான் என்று சொல்லுங்க. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசிக்கு மட்டும் ஆட்டவில்லை. "அந்தச் சனியன் பேர என் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள். எவ்வளவு சொல்லியும் சொல்ல வைக்க முடியவில்லை.

செல்வத்தை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினோம். அந்த ஆசையை அடக்க நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை அவன் வெகுகாலம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்கு உயிரோடு இருக்கிறான், லாரியை விட்டுவிட்டு ஊரிலேயே டிராக்டர் ஓட்டுகிறான். தங்கை கல்யாணம் தையில் நடக்கவில்லை, ஆவணியில் நடந்தது, மாப்பிள்ளையும் அதே மாப்பிள்ளைதான். ஆனால் இதெல்லாம் ஒரே நேர்கோட்டில் நடந்துவிடவில்லை. நடுவில், பொங்கலுக்கு முன்னால், அவன் இன்னொரு தடவை தடுமாறினான்.

அன்றைக்குக் காலை பத்து மணி. புறநோயாளி வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. ஆம்புலன்சில் இருந்து ஸ்ட்ரெச்சரை இறக்குகிறார்கள், ஒருக்களித்துப் படுத்திருக்கிறான் செல்வம். கூடவே அஞ்சலை, தலைமுடி அவிழ்ந்து கிடக்க, அவன் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிமிசத்துக்கு ஏழு, ஏழுதான்" என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். நான் பலூனோடு வாசலுக்கே வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வரிசையிலிருந்து ஒரு அம்மாள் ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே வந்து நின்றாள். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா.

"என்னா சம்மந்தி, தம்பிக்கு மயக்கமா?"

அஞ்சலை அவள் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மயக்கம் இல்லீங்க, ஹெராயின். வழி வுடுங்க."